மாமியார் ஏறினா டயர் உரசுது!

இன்னிக்கு அம்பத்தூர்ல ஒரு டிங்கரிங் கடைல, "மேடம், பின் சீட்டுக்கு வெயிட் பத்தல. வேற யாருக்காச்சும் போன் போடுங்க"ன்னாங்க.

நான் மாமியாருக்குப் போட்டேன்.

(இதோட நிறுத்தினாலே லைக் வரும். ஆனா முழுசா கேளுங்க, ப்ளீஸ்!)

எங்க வீட்ல கார் பைத்தியம் நான்தான். புருஷன் பிரபுவுக்கு ஏசி வரணும், பாட்டு பாடணும், அவ்ளோதான் கார்.

போன மாசம் என் செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு அகலமான அலாய் வீல் போட்டேன்.

பின்னாடி இருந்து பாத்தா... அய்யோ! புதுசா ஜிம்ல சேந்தவன் மாதிரி நெஞ்சை விரிச்சுட்டு நிக்குது!

முகப்பேர்ல இருந்து ஆபீஸுக்கு நான் மட்டும் போற வரைக்கும் ஒரு சத்தமும் இல்ல.

ஞாயித்துக்கிழமை மாங்காடு கோயிலுக்கு குடும்பமா கெளம்பினோம். முன்னாடி நானும் பிரபுவும். பின்னாடி மாமியார், மாமனார், மாமியாரோட தங்கச்சி.

மொத ஸ்பீட் பிரேக்கர். "கர்ர்ர்ர்!"

என் மாமியார் திருநெல்வேலிக்காரங்க. ஆவடி ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. (வாய் மட்டும் இன்னும் சர்வீஸ்ல இருக்கு.)

"ஏ வித்யா, என்னம்மா இது? மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரில்லா இருக்கு!"

"ரோடு சரியில்ல அத்தை."

"ரப்பர் கருகுத வாட வருதே, அதும் ரோடா?"

கோயில் வாசல்ல எறங்கி குனிஞ்சு பாத்தேன்.

சக்கரத்துக்கு மேல வளைவா தகரம் இருக்குல்ல, அதோட ஓரம் உள்பக்கமா மடிஞ்சு கத்தி மாதிரி நிக்குது. ஆள் ஏறினா வண்டி எறங்குது. அந்த மடிப்பு டயரைச் சீவுது. பின்னாடி ரெண்டு டயர்லயும் கோடு!

இதை உடனே சரி பண்ணியே ஆகணும்.

ஏன்னா நாளைக்கு வேலூர்ல நாத்தனாருக்கு வளைகாப்பு. இதே அஞ்சு பேர், டிக்கி நிறைய சீர்த்தட்டு, ஹைவே ஸ்பீடு. டயர் கிழிஞ்சா?

பழைய வீலையே மாட்டிக்கலாமே? வித்துட்டேனே! (அறிவுக் கொழுந்து!)

ஸோ, இன்னிக்கு நானும் பிரபுவும் லீவு போட்டு கெளம்பினோம். மொத கடைல ஒருத்தர் பேச்சே இல்லாம சுத்தியலோட வந்தார். அவரை விட வேகமா நான் ரிவர்ஸ் எடுத்தேன்.

அடுத்தது சேகர் அண்ணன் கடை. என்னைத் தாண்டி நேரா பிரபுகிட்ட போனார்.

"சார், இன்னா டயரு?"

"கறுப்புங்க."

அதுக்கப்புறம் சேகர் அண்ணன் கடைசி வரைக்கும் என்கிட்டதான் பேசினார்.

"வீல கழட்டிட்டு ரோலர மாட்டுவோம் மேடம். பெயின்ட்டுக்கு சூடு காட்டிக்கினே மடிப்ப மெதுவா மேல அமுக்கணும். அவசரப்பட்டா பெயின்ட் வெடிச்சிக்கும். டயரு மேலாக்கதான் தேஞ்சிகீது, பயப்படாதீங்க."

லெஃப்ட் சைடு அழகா படிஞ்சுது. ஒரு கீறல் இல்ல. நான் வீடியோலாம் எடுத்தேன்.

ரைட் சைடு.

"டிக்."

"டிக் டிக்."

பொத்துனு ஒரு பாளம் கீழ விழுந்துச்சு!

சேகர் அண்ணன் கைல எடுத்துப் பாத்தார். "மேடம், இது தகரம் இல்ல, பட்டி மாவு. வண்டி எங்கியோ நல்லா வாங்கிகீது. பூசி, பெயின்ட் அட்ச்சி உங்க தலைல கட்டிகிறாங்க."

வித்தவர் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு மட்டும்தாம்மா எடுப்போம்." (எந்தக் கோயில் மதில்ல இடிச்சாரோ!)

அங்கயே ஒரு பழைய டயர் மேல உக்காந்துட்டேன். அழுகையே வந்துருச்சு, ஜோக் இல்ல. ஆசை ஆசையா பாத்துப் பாத்து வாங்கின வண்டிங்க.

பிரபு டீ வாங்கிட்டு வந்து கைல குடுத்தான். "அழகை அப்புறம் பாத்துக்கலாம். என்ன பண்ணா நாளைக்கு டயர் கிழியாது? அதை மட்டும் கேளு."

(டயர் கறுப்புன்னு சொன்ன அதே வாய்!)

சேகர் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"பட்டிய பேத்துட்டு உள்ள கீற தகரத்த மடிச்சி, சாம்பல் கலர் ப்ரைமர் அட்ச்சி வுட்றேன். டயரு தொடாது. ஆனா பெயின்ட்டு இன்னிக்கு ஆவாது. அசிங்கமாதான் நிக்கும். ஓகேவா?"

மெரூன் வண்டி. சாம்பல் திட்டு. சொந்தக்காரங்க மொத்தமும் வர்ற ஃபங்ஷன்.

"ஓகேண்ணா."

வேலை முடிஞ்சதும் டயர் ஓரத்துல சாக்பீஸால கோடு போட்டார். "லோடு ஏத்தி ஓட்டுவோம். கோடு அழிஞ்சா இன்னும் உரசுதுன்னு அர்த்தம்."

பின் சீட்ல பிரபுவை ஏத்தினோம். வண்டிக்கு அவன் ஏறினதே தெரியல.

அப்பதான் அந்த போன்.

"அத்தை, வந்து கொஞ்சம் கார்ல உக்காரணும்."

"எங்கம்மா போறோம்?"

"எங்கயும் இல்ல அத்தை. வெயிட்டுக்கு."



"என்னய என்ன அரிசி மூடைன்னு நெனச்சியா?"

வச்சுட்டாங்க. செத்தேன்னு நெனச்சேன்.

கொஞ்ச நேரத்துல கடை வாசல்ல ஆட்டோ நிக்குது. மாமியார் எறங்குறாங்க. கூடவே தங்கச்சி! "நான் ஒருத்தி பத்துவனான்னு தெரியல, அதான் இவளையும் கூட்டியாந்தேன்."

பின்னாடி அக்கா, தங்கச்சி, நடுவுல பிழிஞ்சு வச்ச பிரபு. முன்னாடி சேகர் அண்ணன், ஜன்னலுக்கு வெளிய காதை நீட்டிட்டு.

அம்பத்தூர் எஸ்டேட் ரோட்ல ஸ்பீட் பிரேக்கருக்கா பஞ்சம்? மூச்சைப் பிடிச்சுட்டு ஏத்தினேன்.

தொம்!

அவ்ளோதான். கர்ர்ர் இல்ல!

இன்னொண்ணு. அப்புறம் ஒரு பள்ளம். ஃபுல்லா ஒடிச்சு ஒரு யூ டர்ன். சத்தமே இல்ல!

சேகர் அண்ணன் குதிச்சு எறங்கி குனிஞ்சார். "கோடு அப்டியே கீது மேடம்!"

நடு ரோட்ல நான் கத்தின கத்துல ஒரு மாடு திரும்பிப் பாத்துச்சு.

மாமியார் எறங்கி வண்டியை ஒரு சுத்து வந்தாங்க. சாம்பல் திட்டுகிட்ட வந்ததும் நின்னுட்டாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. சரி, ஆரம்பிக்கப் போறாங்கன்னு நான் ரெடியாயிட்டேன்.

பிரபு முந்திக்கிட்டான். "அம்மா, வேலூர் போயிட்டு வந்ததும் அதை பெயின்ட் அடிச்சிருவோம்."

"எதுக்குல? இருக்கட்டும். இம்புட்டு அழகா சக்கரம் போட்டிருக்கா, ஒரு திருஷ்டிப் பொட்டு வேண்டாமா?"

மக்களே! நாளைக்கு வேலூர் ரோட்ல கன்னத்துல சாம்பல் பொட்டு வச்ச மெரூன் காரைப் பாத்தா, ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போங்க!