லேசுக்காரரின் குறிப்பேடு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருக்குக் கம்பெனியில் 'லேசு' என்று பட்டப்பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, ஆள் நல்ல கனம். எல்லாம் அவருடைய குறிப்பேட்டால் வந்த வினை.

குறிப்பேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் கைகொடுத்தது ஒரே சொல்: 'ஸ்லைட்லி'. பிரேக் ஸ்லைட்லி சூடு, கதவு ஸ்லைட்லி சத்தம். லேசாக என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் மேனேஜர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். 'வெரி' என்று எழுதினாலோ போன் வரும், லிஃப்டை நிறுத்தச் சொல்வார்கள், படியேறுகிறவர்கள் எல்லாம் இவரைப் பிடித்து உலுக்குவார்கள். வாய்ச்சண்டை என்றாலே மனிதர் ஒதுங்கிப் போய்விடுவார். வீட்டிலும் இதே கதைதான். விரல் நசுங்கி நகம் கழன்ற அன்றுகூட, "லேசா அடிபட்டிருக்கு" என்று வந்து நின்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று காலை வேலை, அக்கா குடியிருக்கும் கட்டடத்தில். அக்கா ஏழாம் மாடி, முட்டிவலிக்காரி. மொட்டைமாடி இயந்திர அறையில் லிஃப்டைத் தாங்கும் கம்பிக்கயிற்றைத் துடைத்தார். துணி மாட்டிக்கொண்டது. அறுந்த இழைகள் பதினொன்று. ஆறு அறுந்தாலே கயிற்றை மாற்ற வேண்டும். போன மாதமே எட்டு இருந்தது. 'ஸ்லைட்லி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

மறுபடியும் எண்ணிப் பார்த்தார். இந்த ஒரு மாதமும் அக்கா இதில்தானே ஏறி இறங்கினாள்! இன்று உள்ளதை எழுதினால் போன மாதப் பக்கத்தையும் புரட்டுவார்கள். வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார்கள்.

லிஃப்ட் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். 'கயிறு தேய்ந்துவிட்டது, ஓட்டக்கூடாது' என்று ஆங்கிலத்தில் எழுதி, படமெடுத்து மேனேஜருக்கு அனுப்பினார்.

ஏழாம் மாடியில் அக்கா பையோடு நின்றாள். "டாக்டர்கிட்ட போகணும்டா. லேசான கோளாறுதானே, சாயங்காலம் பாரேன்."

"லேசு இல்லக்கா. என் தோளைப் பிடிச்சுக்கோ, மெதுவா இறங்கலாம்."

திட்டிக்கொண்டே இறங்கினாள். நான்காம் மாடியில் மேனேஜரின் போன் வந்தது. அவர் குரல் அக்காவுக்கும் கேட்டது.

"போன மாசம் ஸ்லைட்லின்னு போட்டிருக்கீங்க. ஒரே மாசத்துல எப்படி இவ்வளவு தேயும்?"

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம்.

"போன மாசமும் லேசா இல்ல சார். நான்தான் லேசுன்னு எழுதினேன்."

அக்கா அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள். மீதி நான்கு மாடியையும் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.