வாங்க மறுத்துவிட்டார்

தகரப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் ஒன்பது கடிதங்கள் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லா உறைகளிலும் ஒரே தெற்கத்தி ஊரின் முகவரி, ஒரே பெண்ணின் பெயர். அதன் குறுக்கே தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'வாங்க மறுத்துவிட்டார்.'

எல்லோர் கையிலும் செல்போன் வந்திராத இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் கணியூரிலிருந்து எங்கள் கொங்குப் பக்கத்துப் பெரிய நகரத்துக்கு வந்து, அங்கே ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் தங்கி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். அஞ்சல் வழியில் வரலாறும் படித்தேன். பக்கத்து அறை அக்காவுக்கும் அதே கம்பெனிதான். மூன்று நாள் காய்ச்சலில் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "நீ படிச்ச புள்ள, பொட்டியத் தொறந்து பாரு கண்ணு" என்று வீட்டுக்கார அம்மா என்னிடம் சொன்னார்.

ஓர் ஆவணத்தை நம்புவதற்கு முன், அது யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும் என்று என் பாடத்தில் இருந்தது. கம்பெனி அட்டைப்படி அக்காவின் கணவர் இறந்துவிட்டார். வீட்டுக்கார அம்மாவோ, "ஊட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காருன்னுதான் சொன்னா" என்றார். தனியாக வரும் பெண்ணுக்கு இங்கே யாரும் எளிதில் அறை கொடுப்பதில்லை. அந்த வெளிநாட்டுக் கணவர் வாடகை அறைக்காகப் பிறந்தவர் என்று எனக்குத் தோன்றியது.

மிஞ்சியவை கடிதங்கள்தான். பிறர் கடிதத்தைப் பிரிக்கக் கை கூசியது. ஒன்றை மட்டும் பிரித்தேன். "அப்பா கூட சண்டைன்னா உன் கூடயும் சண்டைன்னு நெனச்சிராத" என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்காமல் மடித்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் இருந்த அந்த ஊர்ப்பக்கத்து டெய்லர் ஒருவர் போன் செய்து சொல்ல, மகள் மாமாவோடு வந்து சேர்ந்தாள். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. பதினேழு வயதிருக்கும். அம்மா இத்தனை கடிதம் போட்டும் வாங்க மறுத்தவள் என்ற கோபத்தோடுதான் உறைகளை அவளிடம் நீட்டினேன். அவள் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மறுக்கலக்கா. லெட்டர் வந்ததே எனக்குத் தெரியாது. அம்மா செத்துப்போச்சுன்னுதான் அப்பா சொல்லிச்சு."

மறுத்தது யார் என்று தபால்காரர் எழுதவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா என்னப் பத்தி என்னக்கா சொல்லும்?" என்றாள். இரண்டு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள் நான். அக்காவுக்கு இருந்த ஒரே நேரடிச் சாட்சி. அவருக்குப் பிள்ளை உண்டா என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை. வேலை, படிப்பு, தூக்கம் என்று இருந்துவிட்டேன்.

"எதுவும் சொன்னதில்லைங்க கண்ணு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

உறைகளை அடுக்கிக்கொண்டே, "அம்மா எப்படிப் பேசும்?" என்றாள்.

கம்பெனி வண்டி வரும் காலைகளில் அக்கா சுவரைத் தட்டி என்னை எழுப்புவார். அதைச் சொன்னேன்: "ஏ தாயி, எந்திரி. வண்டி வந்துட்டு."

"அம்மா மாதிரியே சொல்லுங்கக்கா."

முயன்றேன். என் கொங்குப் பேச்சில் அந்த 'தாயி' சரியாக வரவில்லை. இன்று கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். தனி வீடு, அலாரம் வைத்துத்தான் எழுந்திருக்கிறேன். அக்காவின் குரல் வரவர எனக்கே தேய்ந்துகொண்டு வருகிறது. அன்று அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றாள். சொன்னேன்.