விசில் ஊதினால் குனிகிற பெண்கள்

பெரட்டுக் களத்தில் மரவள்ளி நடப் போகிறார்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னபோது, நான் தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பந்தின் பிளாடருக்கு ரப்பர் பாலைத் தடவி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“எந்தக் களம்?” என்றேன்.

“இருக்கறது ஒண்ணுதானே மிஸி. காலைல ஆள் கணக்கு எடுக்கிற இடம். சாயங்காலம் உங்க பொண்ணுங்க குதிக்கிற இடம்.”

அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் தாதிப் பயிற்சி பெற்றவள் நான். கூடைப்பந்தும் அங்கே பழகியதுதான். கூடப் படித்த சீனப் பெண்கள் விடுதி முற்றத்தில் ஆடுவார்கள். ஆள் குறைந்தால் என்னை இழுத்துக்கொள்வார்கள். ஜப்பான்காரன் வந்ததும் செமிலிங் பக்கம் அப்பா வேலை செய்த தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்து குறைவு, பொழுது அதிகம். புல் வெட்டுகிற பெண்களில் ஐந்து பேரைச் சேர்த்து ஆடக் கற்றுக்கொடுத்தேன். கம்பத்தில் ஒரு பீப்பாய் வளையம். ஓடிப்போன துரையின் பங்களாவில் கிடந்த கால்பந்துதான் எங்கள் பந்து.

ஐவரில் சின்னவளுக்குப் பதின்மூன்று வயது, இடக்கைக்காரி. அவள் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அதற்குப் பிறகு, அந்தக் களத்தில் ஆடும் ஒரு மணி நேரம் மட்டும்தான் அவள் வாய்விட்டுப் பேசினாள். அதனால் களத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பானிய அதிகாரியிடம் கிராணியோடு போய்க் கேட்டேன். அவர் மலாயில் பேசினார், கிராணி தமிழில் சொன்னார். மாணவனாக இருந்தபோது அவரும் இந்த ஆட்டம் ஆடியவராம். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். இடுப்பிலிருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

ஐந்து பேரும் பந்தை விட்டுவிட்டு இடுப்பு வளையக் குனிந்தார்கள். பந்து உருண்டு போய்க் கால்வாயில் விழுந்தது.

அவர்கள்மேல் குற்றமில்லை. தினமும் காலைப் பெரட்டில் அந்த விசில் கேட்டால் எல்லோரும் குனிய வேண்டும். குனியாதவருக்கு அறை. அதிகாரி சிரித்தே விட்டார். வரும் விடுமுறையன்று தோட்டத்து ஜனங்கள் முன்னால் ஆளுக்கு ஒரு பந்து போட வேண்டும், ஒவ்வொருத்திக்கும் அவரே விசில் ஊதுவார், ஐந்தில் மூன்று விழுந்தால் களம் எங்களுக்கு என்றார். பத்து நாள் இருந்தது.

காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒன்று, விசில். இரண்டு, கூட்டம். மூன்று, சத்தம். பந்து போடக் கற்றுத்தர வேண்டியதில்லை; யாரும் பார்க்காதபோது பத்துக்கு எட்டு போடுவார்கள்.

முதலில் குனிவதை நிறுத்தப் பார்த்தேன். நானே விசில் ஊதி, தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். பந்து வளையத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

“குனியலன்னா கன்னம் பதறுதுக்கா, கையும் சேர்ந்து நடுங்குது” என்றாள் மூத்தவள்.

நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. பந்துக்கு வேகம் முழங்காலிலிருந்து வருகிறது. குனிகிறவளைக் குனிய விட்டால் என்ன? பந்தைக் காலடியில் வை, குனி, எழும்போது பந்தை எடு, முழங்காலை மடக்கி எறி. எப்போதும் இதே வரிசை. மறுநாளே பந்துகள் விழ ஆரம்பித்தன.

கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பால் வெட்டு பாதி நின்றுபோயிருந்ததால், பால் வாளிகளில் கிழங்கு தூக்கிக்கொண்டு ஜனங்கள் அந்த வழியேதான் திரும்புவார்கள். வாளியைக் கவிழ்த்துத் தட்டி, வாய்க்கு வந்தபடி கேலி பண்ணுங்கள் என்றேன். அவர்களுக்குக் கசக்குமா?

“ஏ புள்ள, பந்து போடுறியா பூசை போடுறியா?” என்றார் வாளி தட்டிய ஒருவர்.

“சித்தப்பா, உங்க வாயிலயே போடுவேன், தொறந்துதானே இருக்கு!” இடக்கைக்காரிதான். போட்டாள், விழுந்தது.

விடுமுறை வந்தது. அதிகாரி விசில் ஊதினார். மூத்தவள் குனிந்தாள், எழுந்தாள், போட்டாள், விழுந்தது. இரண்டாமவளுக்குத் தவறியது. மூன்றாமவளுக்கு விழுந்தது. நான்காவது பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. மிச்சம் இடக்கைக்காரி.

அப்போதுதான் கவனித்தேன்: ஒருவரும் மூச்சுவிடவில்லை. அதிகாரிக்கு முன்னால் யார் கத்துவார்கள்? பத்து நாளும் சத்தத்துக்குப் பழக்கினேன். அமைதி என் அட்டையிலேயே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“என்ன சித்தப்பா, செத்தா போயிட்டீங்க? வாளியத் தட்டுங்க லா!”

சித்தப்பா அதிகாரியைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், பிறகு ஒரு விரலால் ‘டிங்’ என்று தட்டினார். அதிகாரி திரும்பினார். கோபமா, வேடிக்கையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விசில் ஊதினார். அதற்குள் இன்னொரு வாளி, இன்னும் நாலு வாளி.

அவள் பந்தைக் காலடியில் வைத்தாள். குனிந்தாள். எழுந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று ஓடி உள்ளே விழுந்தது.

களம் எங்களுக்கே என்றார் கிராணி. அதிகாரி பந்தை வாங்கித் தானும் ஒன்று போட்டார். தவறிவிட்டது. வாளிகளெல்லாம் சட்டென்று அடங்கிவிட்டன. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

“அப்ப மரவள்ளிக் குச்சியெல்லாம்?” என்று கிராணியைக் கேட்டாள் மூத்தவள்.

“ஸ்டோருக்குப் பின்னாடி நடணும்.”

“யாரு நடுறது?”

“உங்க அஞ்சு பேரையும்தான் சொல்லிட்டுப் போறாரு.”

மூன்று நாள் நட்டார்கள். நானும் கூடப் போய் நட்டேன். நான்காம் நாள் களத்துக்கு வந்தபோது ஒருத்திக்கும் கை தோளுக்கு மேல் எழவில்லை. வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து, யார் யாருக்குத் தவறியது என்று இருட்டும்வரை சண்டை போட்டார்கள். இடக்கைக்காரியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.