சிங்கப்பூர்ச் சபையில் சாலமோனுக்காக ஒரு ஜெபம்

சென்ற டிசம்பரில் அலுவலக வேலையாகச் சிங்கப்பூர் போனேன். ஊர் சுற்றும் மனநிலையில் நான் இல்லை. என் தங்கை ஜெபாவின் கணவர் சாலமோன் வட இந்தியாவில் ஊழியம் செய்தவர். மதம் மாற்றுகிறார் என்று, தேசத்தின் பெயரைக் கோஷம் போட்டபடி ஒரு கூட்டம் அவருடைய ஜெபவீட்டுக்குள் புகுந்தது. அடித்தவர்கள் வெளியே இருக்கிறார்கள், அடிபட்ட மாப்பிள்ளை சிறையில். ஜெபா என்னிடம் கேட்டது ஒன்றுதான். அவர் முன்பு பிரசங்கம் செய்த சிங்கப்பூர்த் தமிழ்ச் சபையில், சிறையில் இருப்பதைச் சொல்லி, எல்லோரும் கேட்க அவருக்காக ஜெபிக்க வேண்டும்.

ஞாயிறு காலை, தங்கியிருந்த ஆங் மோ கியோவிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் சுமார் அரை மணி நேரம், இரண்டு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) கட்டணம். தேக்கா சந்தையில் புரோட்டாவும் டீயும் ஐந்து வெள்ளிக்குள் முடிந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் சபை.

ஆராதனைக்கு முன்பே விண்ணப்பத்தைப் போதகரிடம் சொல்லிவிடுவது அங்கே வழக்கம். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பிரதர், சாலமோனை எனக்கு நல்லாத் தெரியும். ஆனா இங்க புல்பிட்ல வேற நாட்டு அரசியல் பேச முடியாது லா. ஜெயில், கேஸ் எல்லாம் வேணாம். பேர் மட்டும் சொல்றேன்."

"இது அரசியல் இல்ல பாஸ்டர். அவர் என் தங்கச்சி புருஷன்."

"புரியுது. கமிட்டிக்கு நான்தானே பதில் சொல்லணும்."

மதத்தையும் அரசியலையும் அங்கே கலக்க விடமாட்டார்கள். கோயிலும் மசூதியும் சபையும் பக்கத்தில் பக்கத்தில் நிம்மதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அன்று அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஜெபவேளையில் பெயரைச் சொன்னார், நோயாளிகளின் பெயர்களோடு சேர்த்து. "சகோதரர் சாலமோனுக்குப் பூரண சுகம் தாரும் ஆண்டவரே." சபை முழுக்க உருகி ஆமென் சொன்னது. வெளியே வந்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஹாஸ்பிட்டல் தம்பி? டாக்டர் என்ன சொன்னாரு?"

"வெளிய விட மாட்டேங்கறாங்கம்மா" என்றேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருக்காது, காலையிலேயே போய்விடுங்கள். இப்படி ஏதாவது விண்ணப்பம் இருந்தால் முந்தின வாரமே போதகரை அழைத்துப் பேசிவிடுங்கள். நேரில் போய் நின்றால் என் கதிதான்.

அன்று மாலை ஜெபாவை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நோயாளின்னாவது பேரைச் சொன்னாங்களேண்ணே" என்றாள். "நம்ம ஊர்ச் சபையில, பிரச்சினை வந்துரும்னு பாஸ்டர் ஐயரு அவுக பேரையே எடுக்க மாட்டேங்காரு."