வானத்தில் ஸ்ப்ரே

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த தோல் பேக்டரியில் சாயங்கால டீ நேரம் வந்தால் எனக்கும் என் தோஸ்துக்கும் மொட்டை மாடிதான். அவன் பதப்படுத்திய தோலுக்கு ஸ்ப்ரே கன்னால் கலர் அடிப்பவன். நான் அதே ஷெட்டில் தோலைத் தரம் பிரிப்பவன். தலைக்கு மேலே விமானம் ஏதாவது வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். கோடு உடனே அழியுமா, நிற்குமா என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவன் சமோசா வாங்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்கினேன். அந்த மாடியையும் அந்தச் சூடான சமோசாவையும் நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

வேலையை விட்ட பிறகு அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, கூடவே மொபைலும். ஒருநாள் அவன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மேலே ஒரு கோடு போனது.

"பாத்தியா? விமானத்துல மருந்து அடிக்கிறான். ஜனங்கள நோயாளி ஆக்கறதுக்கு. வீடியோல எல்லாம் வந்துச்சு. என் இருமலே இதாலதான்" என்றான்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு வா."

"ஆகாசத்துல அடிக்கிறதுக்கு டாக்டர் இன்னா பண்ணுவாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடியோ போடுகிறவனுக்கு இன்னா தெரியும் என்று கத்தினேன்.

அவன் அசரவில்லை. "அவனுக்குத் தெரியாட்டி போகட்டும். எனக்குத் தெரியாதா? ஆயுசு பூரா கன் புடிச்சவன் நான். வெள்ளையா வந்து அப்படியே நிக்குதுன்னா அது கெமிக்கல்தான்."

இது எங்கள் ஊரில் மட்டுமே ஒருவனுக்கு வரக்கூடிய தப்பு. மற்றவர்கள் வானத்தில் புகையைப் பார்ப்பார்கள். இவன் ஸ்ப்ரே கன்னைப் பார்த்தான்.

பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தும் என் மகளிடம் கேட்டேன். எரிபொருள் எரியும்போது நீராவியும் வருமாம். அவ்வளவு உயரத்துக் கடுங்குளிரில் அது நொடியில் பனித்துகளாக உறைந்து வெள்ளையாகத் தெரிகிறது. மேலே காற்று காய்ந்திருந்தால் கோடு சீக்கிரம் அழிந்துவிடும், ஈரமாக இருந்தால் நின்று விரியும். அத்தனை சமோசாவையும் நான் காற்றின் ஈரத்திடம்தான் தோற்றிருக்கிறேன்.

மார்கழியில் பனி கொட்டிய ஒரு காலை, அவனை இழுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலம் வரை நடந்தேன். "வாயத் திறந்து ஊது" என்றேன். ஊதினான். வெள்ளையாக வந்தது.

"வாய்க்குள்ள இன்னா கெமிக்கல் வச்சிருக்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து நெடுநேரம் இருமினான். இருமல் அடங்கும்வரை அவன் முதுகைத் தடவிவிட்டேன். மகள் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். 

"அப்போ இந்த இருமல் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டான்.

 பேக்டரியில் கொடுத்த மாஸ்க்கை, பேஜாரா இருக்குன்னு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவன் ஸ்ப்ரே அடிப்பான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவனே பேசினான். "விமானம்னா திட்டிட்டுப் போய்டலாம்பா. பேக்டரிய எப்டித் திட்றது? என் புள்ளைங்களுக்கு சோறு போட்டுச்சே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் அவன் ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம் வீடியோ இல்லை.

அடுத்த வாரம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட டாக்டர், "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். மறுபடி விமானக் கதையை ஆரம்பித்துவிடுவானோ என்று எனக்குப் பயம். அவன் ஜன்னலுக்கு வெளியே வானத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தோலுக்கு ஸ்ப்ரே அடிச்சேன் சார்" என்றான்.