முட்டு, பூட்டு, பட்டன்

எங்க தொழில்ல முக்கால்வாசி நேரம், தலைக்கு மேல நிக்கிற இரும்புக்கு அடியில குனிஞ்சுதான் கழியும். டாக் லெவலர்னு பேரு. கோடவுன் தரைக்கும் லாரிக்கும் நடுவுல பாலமாக் கிடக்கிற இரும்புத் தட்டு. பட்டனை அமுக்கினா மோட்டார் ஓடித் தட்டைத் தூக்கும். மக்கர் பண்ணினா, அடியில இருக்கிற குழிக்குள்ள நாங்க இறங்கணும். அடுத்தவன் அவசரத்துக்கு வேலை பார்க்கிற மக்களே, உங்களுக்கு இது புரியும். செம்பூர் கோடவுன்ல ஒரே காலையில நடந்ததைச் சொல்லுதேன்.

முட்டு

தூக்கின தட்டு நிக்காம இறங்கிருதுன்னு புகார். நானும் கூட்டாளி மைதீனும் போனோம். தட்டுக்கு அடியில கொடுக்கிற முட்டுக்கம்பி குழிக்குள்ளேயே இருக்கணும். காணோம். தேடினா, டீ போடுற மூலையில பெஞ்சுக்கு நாலாவது காலா நிக்கு. மேல ரெண்டு பேரு உக்காந்து வடாபாவ் திங்காங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. உருவிட்டு வரும்போது ஒரு லோடர் வருத்தமாச் சொன்னார்: “குழியில சும்மாதானே கிடந்துச்சு, பாய்.”

பூட்டு

தட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தோம். மெயின் ஸ்விட்சை அணைச்சு என் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில வச்சேன். இறங்குறவன் உசிரு அந்தச் சாவியில இருக்கு. எவன் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். வெளிய லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கான். சூப்பர்வைசர் ரமணி சார், மாட்டுங்காக்காரர், பூட்டைப் பார்த்து முகம் சுளிச்சார்: “நாங்க என்ன, ஸ்விட்சைக் கழட்டிண்டு ஆத்துக்கா போகப்போறோம்?”

பட்டன்

பூட்டின பொறவும், கரண்டு நின்னுருச்சான்னு ஒருக்கா பட்டனை அமுக்கிப் பார்க்கிறது என் வழக்கம். மைதீன் டார்ச்சோட குழி ஓரத்துல குத்தவச்சிருந்தான். தள்ளி நில்லும்னேன். “பூட்டின கதவை இழுத்து இழுத்துப் பார்த்துட்டு ரயிலை விடுற ஆளு வே நீரு”ன்னு சலிச்சுக்கிட்டே எந்திரிச்சான். அமுக்கினேன்.

மோட்டார் ஓடுச்சு. தட்டு ஒரு சாண் மேல போச்சு. முட்டுக்கம்பி சரிஞ்சு குழிக்குள்ள விழுந்துச்சு. கையை எடுத்தேன். தட்டு இறங்க ஆரம்பிச்சு, அடி வரைக்கும் போய் மோதிச்சு. பார்க்காம இறங்கியிருந்தா, வேற எவனாவது அமுக்குறப்போ மைதீன் அதுக்கு அடியில இருந்திருப்பான்.

விசாரிச்சா, மழையில இந்த ஸ்விட்ச் கெட்டுப்போச்சாம். பக்கத்து டாக்கோட கரண்டுப் பெட்டியில இருந்து ஒயர் இழுத்து ஓட்டிக்கிட்டிருக்காங்க. நான் பூட்டினது ஏற்கெனவே செத்த ஸ்விட்சை. “டெம்பரரியாத்தான்...”ன்னு இழுத்தார் ரமணி சார். லாரியைத் திருப்பி அனுப்புங்கன்னேன். அவரே வெளிய போய் அனுப்பிட்டு வந்தார்.

ஒயரைப் பிடுங்கி, ஸ்விட்சை மாத்தி, தட்டைத் தூக்கி, முட்டுக்கம்பியை இறுக்கிக் கட்டி, மறுபடி பூட்டினோம். சாவியை மைதீன் கையிலேயே கொடுத்தேன். பட்டனையும் அமுக்கிக் காட்டினேன், சத்தமே இல்ல. இறங்கப் போனவன் ஒரு காலைத் தூக்கினபடியே நின்னுட்டான்: “வே, இன்னொருக்கா அமுக்கும்.”

என்னை மாதிரி சந்தேகப் பிராணி கூட வேலை பார்க்கிறது பெரிய தொல்லைதான், ஆனா அன்னைக்கு மத்தியானம் அந்தத் தொல்லையைப் பத்திக் குறை சொல்லிக்கிட்டே மைதீன் என் சாப்பாட்டு டப்பாவுல கைய விட்டுச் சாப்பிட்டான்.