பெட்டிக்குள் துடியலூர்க் காற்று

நடுக்கடல் எண்ணெய் மேடைகளுக்குப் போகும் மின்பெட்டிகளில் குளிரூட்டி பொருத்துகிறவர் அந்தப் பெண். துடியலூரில் என் நண்பரின் பட்டறையில் பார்த்தேன். கிரீஸ் படிந்த நீல மேல்சட்டை, கொண்டையில் செருகிய டெஸ்டர். உப்புக்காற்று நுழைந்தால் கம்பிகளை அரித்துவிடும் என்பதால், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுற்றவிட்டுக் குளிர்விப்பார்களாம். கதவைப் பூட்டுமுன் அவர் உள்ளே குனிந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“ஏனுங்க அம்மணி, மூச்சுல ஈரமிருக்குது. பொட்டி கெட்டுப்போச்சுன்னா அங்க எலக்ட்ரீசியனா இருக்கற உங்கூட்டுக்காரருதான் கழட்டி மாட்டோணும்” என்று சிரித்தார் நண்பர்.

“கழட்டட்டுமுங்க. பொங்கலுக்கு வந்துபோட்டுப் போனவரு. இதத் தொறக்கறப்பவாச்சும் ஊட்டு நெனப்பு வரட்டும்.”

கொச்சித் துறைமுகத்திலேயே யாராவது சோதிக்கத் திறந்துவிடுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரோ கதவோரத்து ரப்பரை விரலால் அழுத்தி அழுத்தி, இம்மியும் கசியாதபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் கொச்சி சாலையில் தார்ப்பாய் போர்த்திய லாரி போனால், வழியில் யாரும் அதைத் திறந்துவிடக் கூடாதே என்று மனம் பின்னாலேயே ஓடுகிறது.